பட்டை நிப்பும் நாச்சிமுத்து மாமாவின் மீசையும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் நிறையப் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் கடைசியில் தப்பான பொருளோடு திரும்பி வருகிறார்கள். ஒன்றும் தெரியாமல் போகிறவர்கள் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிவந்து நிம்மதியாக இருக்கிறார்கள். என் முதல் மைப்பேனா விஷயத்தில் இது எனக்குப் புரிந்தது. புரிவதற்குள் என் தாய்மாமாவின் மீசை ஒரு வழியாகிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. அந்த வேலையில் பேனாவுக்கு இடமே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். (காலையில் உள்ளே போவதற்குக்கூட கட்டைவிரலை வைத்தால் போதும்.) ஆனாலும் எப்படியோ யூடியூபில் மைப்பேனா வீடியோக்களில் போய் விழுந்துவிட்டேன். யாரோ ஒருவர், முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டிக்கொண்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல ஒரு பேனாவைக் கழுவுவார். நான் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட் என்று நிப்பின் பருமன்கள் எனக்கு மனப்பாடம். ஒரு பேனாவைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் எந்த நிப் எவ்வளவு மை கக்கும் என்று சோற்றுக்கு நடுவில் அப்பாவுக்குப் பாடம் எடுப்பேன்.

"பேனான்னா எழுதோணும், அவ்வளவுதானே கண்ணு," என்பார் அப்பா.

அவரைப் பரிதாபமாகப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் அக்கா கிருத்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகைக் கவர்களில் பெயர் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சகத்திலேயே ஸ்டிக்கர் அடித்துத் தருவார்கள் என்று அம்மா சொன்னார். "ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு நாம என்ன கூரியர் கம்பெனியாம்மா? கையில எழுதுனாத்தான் மரியாதை," என்றேன். மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அடங்கிவிட்டார். அதற்குக் காரணம் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒப்பணக்காரத் தெருப் பக்கம் ஒரு சந்துக்குள் பேனாக்கடை. கடைக்காரர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்று மாதப் படிப்பையும் அவர் முன்னால் கொட்டினேன். எந்த நிப்புக்கு மை சரளமாக வரும், எது தாளைப் பிறாண்டும், எது நம் ஊர் வெயிலுக்கு ஆகும் என்றெல்லாம் கேட்டேன். அவர் ஒரு தட்டை எடுத்து வைத்தார்.

"இது எழுதுங்க."

"அதுங்க?"

"அதும் எழுதுங்க."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"அது கொஞ்சம் பட்டையா எழுதுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டார்.

எழுதிப் பார்க்க ஒரு காகிதம் கொடுத்தார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? என் கையெழுத்தை. அதுவும் இங்கிலீஷில். ஃபைன் நிப்பில் போட்டேன். ரேஷன் கடையில் போடும் கையெழுத்து மாதிரி இருந்தது. மீடியத்தில் போட்டேன், பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இருந்தது. பிராடில் போட்டேன். எஸ் என்ற எழுத்து படமெடுத்து எழுந்து நின்றது. ஏதோ ஒரு மாவட்டத்தையே என் பொறுப்பில் விட்டது போல ஓர் உணர்வு. அதையே எடுத்துக்கொண்டேன். மையிலும் எது அழியவே அழியாதோ அதைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதல் கவரில் "திரு" என்று தமிழில் எழுதியபோதுதான் விஷயம் தெரிந்தது. தமிழ் எழுத்துக்குச் சுழி உண்டு, கொக்கி உண்டு, வயிற்றுக்குள்ளே சின்னச் சின்னச் சந்து உண்டு. பட்டை நிப் அதையெல்லாம் மையால் மெழுகிவிட்டது. தி-யின் கொக்கி அடைத்துக்கொண்டது. பெயரில் வந்த மு-வின் சுழி மிளகாகிவிட்டது. அக்கா எட்டிப் பார்த்து, "இது என்ன, நாலு கரப்பான் பூச்சியை நசுக்கி வெச்சிருக்கே?" என்றாள்.

"எட்டி நின்னு பாரு, தெரியும்," என்றேன்.

அவள் சமையலறை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். தெரியவில்லை.

அம்மா மறுபேச்சில்லாமல் ஸ்டிக்கருக்குச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சி ஒரே ஒரு கவரை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். நாச்சிமுத்து மாமாவின் கவர்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. தலை, மீசை எல்லாம் தும்பைப் பூ. அந்த மீசையை முறுக்கிவிட்டு அவர் நடந்து வந்தால் மாட்டுச் சந்தையில் மாடுகளே வழிவிடும் என்று அப்பா சொல்வார். தலைக்கு மை அடிக்கிற ஆண்களைக் கண்டால் மாமாவுக்கு ஆகாது. அதைவிட ஆகாதது மரியாதைக் குறைவு. ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகையில் தன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று கல்யாண மண்டபம் வரைக்கும் போய், பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தவர். அதனால் அக்காவின் முதல் பத்திரிகை அவருக்கு, அதுவும் கையால் எழுதியது என்று அம்மா முடிவு செய்தார். பொடி எழுத்து என்ற குற்றச்சாட்டுக்கே இடம் வைக்கக் கூடாது என்று நான் பெயரைக் கவர் முழுக்க எழுதினேன். மெல்லியதாகத் தெரிந்த இடங்களில் இரண்டாம் முறையும் இழுத்தேன். கவரோ வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு போட்டது. மை அதற்குள் இறங்காது, மேலேயே குளம் கட்டி நிற்கும் என்று மூன்று மாத வீடியோவில் ஒருத்தரும் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார்கள். நான் பேனா கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் காரில் போய் இறங்கினோம். அத்தை பட்டுப்புடவையில் இருந்தார். வீடெல்லாம் நெய் வாசம்.

"நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க," என்றார் மாமா. "நம்ம பிரபுவுக்குப் பொண்ணு குடுக்கறவங்க உடுமலையில இருந்து வாராங்க. சாயங்காலம் ஊடு பார்க்க வாராங்க. நீங்களும் இருந்துட்டுப் போங்க மாப்ள."

பிரபு அவருடைய ஒரே மகன். பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்தி, பிரபுவும் அத்தையும் மட்டும் போய்ப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், இனி பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அப்பாவும் அம்மாவும் வெற்றிலை, பழம், பத்திரிகை வைத்த தட்டை நீட்டினார்கள். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையை எடுத்து, கண்ணை மூடி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவ்வளவு பயபக்தியாக ஒற்றினார். பிறகு கவரைத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, திருப்தியாக மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டார்.

"யாரு எழுதுனது?"

"நாந்தானுங்க மாமா."

"எழுத்துன்னா இப்படியல்லவா இருக்கோணும். இப்பல்லாம் எவன் கையில எழுதறான்," என்று அவர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய இரண்டு கன்னத்திலும் அவருடைய பெயரே பாதிப் பாதியாகக் கருநீலத்தில் பதிந்திருந்தது. மீசையின் இரண்டு நுனியும் மயில் கழுத்து நிறம்.

அப்பா பார்த்தார். அம்மா பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமா பேசிக்கொண்டே போனார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை முறுக்கினார். ஒவ்வொரு முறுக்கலுக்கும் நீலம் உள்ளே உள்ளே போனது. மரியாதையைப் பற்றிப் பேசுகிறவரிடம் உங்கள் மூஞ்சியைத் துடையுங்கள் என்று யார் சொல்வது?

அத்தைதான் மோர் டம்ளரோடு வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏனுங்க, மூஞ்சில என்னத்தப் பூசிட்டு உக்காந்திருக்கீங்க?"

பின்கட்டுக் குழாயடிக்குப் போனோம். சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்ததில் கன்னத்து மை போய், கன்னமும் கொஞ்சம் போனது. மீசை மட்டும் அசையவில்லை. கருநீலமாக இருந்தது மீசை முழுக்கப் பரவி வான நீலமானது. எலுமிச்சம்பழம் தேய்த்தோம். கத்திரிப்பூ நிறத்துக்கு வந்தது.

"இது என்ன மை அம்மணி, தண்ணிக்குப் போகாதா?" என்றார் அத்தை.

"பர்மனென்டுங்க அத்தை."

"போகவே போகாதுங்கறதுக்கு அதான் இங்கிலீஷா?"

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. உடுமலைக்காரர்கள். சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். பாதி வழியில் இருக்கிற கோமங்கலம் தாண்டியாயிற்றாம்.

மீசையை எடுத்துவிடலாம் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் அப்பா முன்பக்கத்துக்கே போய்விட்டார். அம்மா அழ ஆரம்பித்தார். பிரபுவின் சம்பந்தம் என்னால்தான் போகப் போகிறது. நீல மீசை வைத்த மாமனார் இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அத்தை உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பாக்கெட், ஒரு கிண்ணம், ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டு வந்தார். தலைக்கு அடிக்கிற மை.

மாமா பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "இது எப்படி நம்மூட்டுக்குள்ள வந்துச்சு?"

"கண்ணாலம் ஆன நாள்ல இருந்து என்ற தலை கறுப்பாவே இருக்குதுன்னு நெனைச்சுட்டிருந்தீங்களாக்கும்," என்றார் அத்தை.

மாமா துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் அதிர்ந்தது மீசைக்காக இல்லை என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

அத்தை மையைக் குழைத்து பிரஷை என் கையில் கொடுத்தார். "நீதானே எழுதறவ. எழுது."

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. (அந்த பிரஷும் பட்டைதான்.) முடித்தபோது வாசலில் கார் நின்றது. மை பிடிக்கிற வரை மாமா பின்கட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முன்னால் வந்தவர்களை அப்பா சமாளித்தார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

"மச்சானுங்களா? இருக்காருங்க. பின்னால... காஞ்சுட்டிருக்காருங்க," என்றார்.

"கொப்பரை காயப் போட்டிருக்காருங்களா? வாங்க, நாமும் பார்க்கலாம்," என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அம்மா குறுக்கே பாய்ந்து மைசூர்பாகுத் தட்டை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்தபோது மறுபடி நீட்டினார்.

கடைசியில் மாமா வந்தார். வெள்ளைத் தலை. தேய்த்துச் சிவந்த கன்னம். நடுவில், காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது போலக் கன்னங்கரேலென்று மீசை. கும்பிட்டார். பெண்ணின் அப்பாவும் கும்பிட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீங்க தம்பிங்களா? பெரியவர் எங்கீங்க?"

மாமாவின் தாடை இறுகுவதைப் பார்த்தேன். அவமானம் என்று நினைத்தால் விருந்தாளியையே எழுப்பி அனுப்பிவிடக் கூடியவர். ஆனால் அவர் மெதுவாக இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். இரண்டும் நீலம்.

"நான் ஒருத்தன்தானுங்க. இந்த அம்மணி பத்திரிகை எழுதிச்சுங்க," என்று ஆரம்பித்து நடந்ததை அப்படியே சொன்னார். எதையும் விடவில்லை. அத்தையின் பீரோ உட்பட. அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். பெண்ணின் அம்மா கவரை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"என்ற பேருன்னுதான் சொல்றாங்க," என்றார் மாமா.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் அவர் வீட்டுக்காரர். அப்புறம் மாமாவே. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவரை மூன்று பேர் தடுத்தோம்.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா, "ஊடு பார்க்கப் போற எடத்துல எல்லாரும் பெயின்ட் அடிச்சுத்தான் காட்டறாங்க. அடிச்சேன்னு நீங்க ஒருத்தர்தானுங்க சொன்னீங்க. நாள் பார்த்துப்போடலாமுங்க," என்றார்.

அக்கா கல்யாண ஆல்பத்தில் மாமா கறுப்பு மீசையோடுதான் நிற்கிறார். பிரபு கல்யாணத்துக்குக் கவர் எழுத என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பேனாவால் இப்போதும் கையெழுத்து மட்டும் போடுகிறேன். இங்கிலீஷில்.

எங்கள் குடும்பத்தில் டை அடிப்பது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. பேனாவுக்கு மை ஊற்றுவது என்றுதான் பெயர். மாதத்தில் ஒரு ஞாயிறு போன் செய்தால் அத்தை, "மாமா மை ஊத்திட்டிருக்காரு கண்ணு, அப்புறம் பேசு," என்பார். தலை அப்படியே வெள்ளை, மீசைக்கு மட்டும்தான். பிரபுவின் மனைவிதான் இப்போது கிண்ணம் பிடிக்கிறாள்.

போன மாதம் போயிருந்தபோது எனக்கே பாவமாகிவிட்டது. "என்னாலதானே மாமா இந்தக் கஷ்டம். விட்டுப்போடுங்க, வெள்ளையே உங்களுக்கு லட்சணமுங்க," என்றேன்.

மாமா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னெல்லாம் மாட்டுச் சந்தைக்குப் போனா ஏவாரிங்க எல்லாம் பெரியவரேம்பானுங்க அம்மணி. இப்ப அண்ணாங்கறானுங்க. அதைய எப்படி விடறது?"