சிவப்பு மை அக்காவின் ஆய்வேடு

"தொண்ணூத்தோரு சதவீதம், அக்கா," என்றாள் மேற்பார்வை ஆசிரியை. மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

"மார்க்காம்மா?"

"இல்லக்கா. உங்க ஆய்வேட்டுல அவ்வளவும் மெஷின் எழுதினதாம். சோதிக்கிற மெஷின் சொல்லுது."

பல்கலைக்கழகமே ஓர் எழுத்து இயந்திரம் செய்து வைத்திருந்தது. அதனிடம் சந்தேகம் கேட்கலாம். கேட்டதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதையே எழுதச் சொன்னால் பட்டம் கிடையாது. எழுத்தில் அதன் சாயல் தெரிந்தால் பிடித்துக்கொடுக்க இன்னோர் இயந்திரம்.

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவர். இன்றைய பேராசிரியர்கள் தொடங்கி ஊரார் ஆய்வேட்டுக்கெல்லாம் சிவப்பு மை போட்டுப் போட்டே 'சிவப்பு மை அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாற்பத்தெட்டாம் வயதில்தான் தானும் ஒன்று எழுதத் துணிந்தார். புத்தகம் கட்டும் தொழில் செய்கிற கணவரோ, அட்டையில் மனைவி பெயரைத் தங்க எழுத்தில் பொறித்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி முடித்துவிட்டார். அந்த வீட்டுக்குள் அத்தனை பெருமை அதற்குமுன் நுழைந்ததே இல்லை.

"ஒரு வரிகூட நான் அதுகிட்ட கேட்கலம்மா."

"எனக்குத் தெரியும்க்கா. நீங்க ரொம்பச் சுத்தமா எழுதறீங்க, அதான் வம்பு. அங்கங்க நாலு பிழை விட்டுப் பாருங்களேன்."

அக்கா வீட்டுக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு பிழைகள் விட்டார். சாப்பாடு இறங்கவில்லை.

"என்னம்மா, யாரையோ ஏமாத்திட்டு வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றார் கணவர்.

அவ்வளவுதான். எழுந்துபோய்ப் பன்னிரண்டையும் திருத்தினார். கையோடு கையாக, முன்பு கண்ணில் படாமல் தப்பித்த ஆறு பிழைகளையும் ஒழித்துக்கட்டினார்.

மறுநாள் தொண்ணூற்றாறு.

அடுத்த நாள் பல்கலைக்கழகத்து நேர்மைக் குழுத் தலைவரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே பக்கம், ஒன்பது பிழை. அக்காதான் என்ன செய்வார், பாவம், கை சும்மா இருக்கவில்லை. பதிலோடு சேர்ந்து, சிவப்பு மையில் திருத்திய கடிதமும் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

"எனக்கேவா!" என்று தலைவர் குதித்தார். அன்று மதியமே விசாரணை வைத்துவிட்டார்.

நீள மேசைக்குப் பின்னால் தலைவரோடு சேர்த்து மூன்று பேராசிரியர்கள். ஓரத்து நாற்காலியில் மேற்பார்வை ஆசிரியை. நூலக உதவியாளர் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க கண்ணு முன்னாடி எழுதுங்க," என்றார் தலைவர். "தலைப்பு, இந்த அறை."

அக்கா எழுதினார். கதவைச் சாத்தினால் ஜன்னல் திறந்துகொள்வதை எழுதினார். மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் யாரோ ஒருவருடைய ஆய்வேடு முட்டுக்கொடுத்துக் கிடப்பதையும் விடவில்லை. பக்கம் முழுக்க ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. உதவியாளர் அதைப் படமெடுத்துச் சோதிக்கிற இயந்திரத்துக்குக் கொடுத்தார்.

தொண்ணூற்றொன்பது.

"பார்த்தீங்களா!" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

"நம்ம எதிர்லதானே எழுதினாங்க?" என்றார் பக்கத்துப் பேராசிரியர்.

"கண்ணு ஏமாத்தும். மெஷின் ஏமாத்துமா?"

அக்கா எழுந்து நின்றார்.

"பட்டம் கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க கையில இருக்கு, ஐயா. ஆனா அந்த ஆய்வேட்டுல ஒவ்வொரு எழுத்தும் என்னோடது. இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க எழுத்துக்குள்ளயே குடியிருந்திருக்கேன். ஒரு வரியைக்கூட எடுத்துக்கிட்டதில்ல. நான் எழுதினதை வேறொண்ணு எழுதுச்சுன்னு சொன்னா மட்டும் ஒத்துக்கமாட்டேன்."

மேற்பார்வை ஆசிரியைக்குக் கண் கலங்கியது. தலைவருக்கு ஒன்றும் கலங்கவில்லை. ஆய்வேட்டைத் தள்ளுபடி செய்யும் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

நூலக உதவியாளர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, எழுதற மெஷினைப் பழக்கணும்னு நம்ம நூலகத்துலேர்ந்து முந்நூறு ஆய்வேடு கேட்டாங்க. நான்தான் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தேன். முந்நூறும் இந்த அக்கா திருத்தினது."

"அதனால என்ன?" என்றார் தலைவர், தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே.

"அதுவும் இவங்ககிட்டதாங்கய்யா எழுதக் கத்துக்கிச்சு, உங்களை மாதிரியே."