துணைக்குப் போனவர்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது எங்கள் மாடிவீட்டு அக்கா. அவருக்குப் பாதியைக் கதையில் வரும் புருஷன் சொன்னார், மீதியைப் பெண்டாட்டி சொன்னாள். இரண்டையும் ஒட்டுப்போட்டது அக்கா. தையல் வெளியே தெரிந்தால் என்னைத் திட்ட வேண்டாம்.

அந்தப் புருஷன் பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கும் செக்கர். பயணியின் முழியைப் பார்த்தே டிக்கெட் எடுத்தவனா, எடுக்காதவனா என்று சொல்லிவிடுவார். பெற்ற அப்பன் ஏறினாலும் நம்பக்கூடாத உத்தியோகம். அவருக்கு புரோஸ்டேட் சுரப்பியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு இருமினால், எழுந்தால், படி ஏறினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்தது. பயிற்சி செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அதைச் செய்யப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே. உயிரே போனாலும் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டுவது சுலபம், மறைப்பதுதான் பெரும்பாடு. கறுப்புக் கால்சட்டைக்கு மாறினார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். கல்யாணமான நாளிலிருந்து கைக்குட்டைகூட அலசாத மனிதர், விடியுமுன் எழுந்து படுக்கை விரிப்பைத் துவைத்தார். பெண்டாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கே போகப் பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். வழியில் எத்தனை வேகத்தடை என்று அவர் எண்ணிப் பார்த்தார். முதலில் முதுகுவலி என்றார். பிறகு வெயில் என்றார். அப்புறம் மழை என்றார். ஒருநாள் போனில் மகள், "அப்பாவுக்குப் பேத்தி பொறந்தது பிடிக்கலையாம்மா?" என்று கேட்டு அழுதாள். கதவுக்குப் பின்னால் நின்று அவர் அதைக் கேட்டார். நெஞ்சு வெந்தது. மறுநாளும் விடியுமுன் எழுந்து விரிப்பைத் துவைத்தார்.

அதற்கப்புறம்தான் பெண்டாட்டியின் போக்கு மாறியது. மத்தியானம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கதவில் காதை வைத்தால், போனில் ஓர் ஆண்குரல் "இறுக்கிப் பிடிங்க... இப்ப மெதுவா விடுங்க" என்றது. மூச்சு முட்டுகிறதே என்றாள் இவள். மூச்சை அடக்கக்கூடாது, சிரித்த முகமாகச் செய்ய வேண்டும் என்றது குரல்.

செக்கர் அன்று சாயங்காலமே விசாரணையை ஆரம்பித்தார்.

"மத்தியானத்துல எங்க போற?"

"தையல் கிளாஸுக்கு."

"ஊசி டப்பா இங்கேயே இருக்கே?"

"அங்க வேற ஊசி."

"என்னத்தைத் தைக்கற?"

"அதைத்தாங்க கத்துக்கறேன்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு மட்டமாகப் பொய் சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை. ஏன் இவ்வளவு மட்டம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோபம் யோசிக்க விடவில்லை.

மறுநாள் பின்தொடர்ந்தார். அவள் பஸ்ஸின் முன்வாசலில் ஏற, இவர் பின்வாசலில் ஏறி செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்தார். வேகத்தடையில் பஸ் துள்ளியது. செய்தித்தாள் முகத்திலிருந்து மடிக்கு இறங்கியது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கியபின், செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் இவர் வந்து சேரும்வரை நின்றாள். அதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அவள் நுழைந்தாள். இவரும் படியேறிப் போய்க் கதவைத் தள்ளினார். பாய்மேல் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள் பெண்டாட்டி. தள்ளி ஒரு நாற்காலியில், இடுப்பெலும்பு பொம்மையைக் கையில் வைத்தபடி ஓர் இளைஞன். சுவரில் சிறுநீர்ப்பையின் படம்.

"யாருடா நீ?"

"பிசியோதெரபிஸ்ட் சார். உட்காருங்க."

பெண்டாட்டி எழுந்து தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஒரு கோளாறுங்க. தும்மினா, சிரிச்சா, கொஞ்சம் போயிடுது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு."

செக்கருக்கு உடம்பே லேசாகிவிட்டது. இந்தக் கஷ்டம் உலகத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. அதுவும் சொந்த வீட்டிலேயே. "அசடு, இதுக்குப் போய் வெக்கமா? கட்டின புருஷன்கிட்ட மறைக்கலாமா?" என்று அதட்டினார். அதட்டும்போதும் செய்தித்தாளை முன்னால் பிடித்தபடியேதான் இருந்தார்.

தனக்கு மறதி அதிகம், வீட்டில் நீங்கள்தான் சோதனை போட வேண்டும், கூடவே செய்து காட்டினால் இன்னும் நல்லது என்றாள் அவள். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் செக்கர் நிமிர்ந்தார். துணைக்குச் செய்வதில் என்ன வந்தது என்றார்.

இளைஞன் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னான். பார்வை மட்டும் என்னவோ இவர் பக்கமே இருந்தது. சிறுநீர்ப்பைக்கு அடியில் தொட்டில்போலத் தாங்கும் தசைகள் இருக்கின்றன. பிரசவத்தாலோ ஆபரேஷனாலோ அவை பலவீனப்படலாம். சபையில் காற்று பிரியாமல் அடக்குவதுபோல் அவற்றை உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு முழுசாக விட வேண்டும். இருமல் வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும். பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும்.

"ஆபரேஷன்னு எதுக்குச் சொன்னீங்க?" என்றார் செக்கர் சந்தேகமாக.

"பொதுவாச் சொன்னேன் சார்."

வீட்டில் சோதனை கடுமையாக நடந்தது. அடுப்படியில் நின்றாலும் விடமாட்டார். "செஞ்சியா? எங்க, என்கூடச் செய்" என்பார். அவள் மறந்து மறந்து போனாள். அவர் செய்து செய்து காட்டினார். சில மாதம் போனபின் அவரே ஒருநாள் பேச்சை எடுத்தார். "பேத்தியைப் பார்க்கப் போலாமா? உனக்கு இப்பப் பரவாயில்லையே?"

"பரவாயில்லைங்க. தைரியமாப் போலாம்."

போனார்கள். மகள் குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். அது முதல் காரியமாக அவர் மடியை நனைத்தது. அவர் காலைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பெண்டாட்டியைக் குணப்படுத்தியது தான்தான் என்று இன்றைக்கும் பஸ் டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேட்டதை அப்படியே எழுதிவிடக்கூடாதென்று நான் அந்த அம்மாவிடமே போய், இப்போது தொந்தரவு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"எனக்கென்ன தம்பி தொந்தரவு? அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, நான் தும்மினா தும்மல் மட்டும்தான் வரும்."