பழைய கார் பார்க்க ஏற்காட்டு மலை ஏறியது பற்றி

மல்லசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு, மாமனார் மணியன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் அத்தை சௌந்திரமும், பிரசவத்துக்கு வந்திருக்கும் தனப்பிரியாவும் நலம். புனேயில் உங்கள் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தனப்பிரியாவுக்கு வலி கண்டால் எங்கள் தோட்டத்துக்கு அவசரத்தில் ஆட்டோகூட வராது, வீட்டில் ஒரு கார் நிற்பது நல்லது, பழசாகப் பாருங்கள் என்றீர்கள். எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னீர்கள். காந்தம் வைத்துப் பாருங்கள் மாமா, நசுங்கலை மறைக்கப் பட்டி பூசின இடத்தில் ஒட்டாது. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கட்டாயம் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள் என்றீர்கள். மேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

போன வாரம் நானும் அத்தையும் சேலம் அஸ்தம்பட்டியில் பழைய கார் வாங்கி விற்கும் தனசேகர் என்பவரிடம் போனோம். வெள்ளை வண்டி, பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. "டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்ததுங்கண்ணா. ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் மட்டுந்தான் ஓடுச்சு" என்றார். மர நிழலில் நின்ற வண்டியின் பானெட்டில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. "வெயிலுங்கண்ணா" என்றார். ஆறட்டும் என்று நாங்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டோம். "சும்மா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெக்கறனுங்க" என்று அவர் சாவியோடு வருவதும், "இருக்கட்டுந் தம்பி, அது தூங்கட்டும்" என்று அத்தை தடுப்பதுமாகப் பொழுது போனது. ஆறின பிறகு நான் ஸ்டார்ட் செய்தேன். இருமி இருமித்தான் பிடித்தது, பின்னால் நீலப் புகை. தரைவிரிப்பைத் தூக்கினால் சேற்று வாசம். காந்தமோ இடது பக்கக் கதவில் நிற்க மாட்டேன் என்று என் காலடியில் விழுந்தது. "காந்தம் பழசுங்கண்ணா" என்றார் தனசேகர். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை சொன்ன மேடு பாக்கி இருக்கிறதே என்று ஏற்காடு ரோட்டில் விட்டேன். நான் ஸ்டீரிங்கில், தனசேகர் என் பக்கத்தில், அத்தை பின்சீட்டில்.

ஏறும்போது குறை சொல்ல முடியாது. சில கொண்டை ஊசி வளைவு ஏறி, அகலமான இடம் பார்த்துத் திருப்பி, இறங்க ஆரம்பித்தோம். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வரும் பஸ். "தனசேகரு, பிரேக் புடிக்கலீங்க!" என்றேன். "உட்டு உட்டு மிதிங்கண்ணா!" என்று கத்தினார். மிதித்தேன், ஒன்றுமில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது கிணற்றுக் கயிறு போல லேசாக மேலே வந்தது. கியரைக் குறைத்தேன், இன்ஜின் அலறியது, வேகம் குறைந்த பாடில்லை. பஸ் எங்களை உரசாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டில் தனப்பிரியா தனியாக இருக்கிறாள், எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை யாரைக் கூப்பிடும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அத்தையின் குரல், சந்தையில் கத்திரிக்காய் கேட்பது போல நிதானமாக வந்தது.

"ஏந்தம்பி, இது நெசமாலுமே டாக்டர் வண்டியா?"

"இல்லீங்கக்கா! டாக்ஸிங்கக்கா!"

"மீட்டரு?"

"ஓடுன கிலோமீட்டரக் கொறச்சுத் திருப்புனதுங்க! முருகா!"

"இந்தச் சேத்து வாசம்?"

"வெள்ளத்துல முழுவுன வண்டிங்கக்கா!"

"அந்தக் கதவு?"

"லாரிக்காரன் இடிச்சதுங்க! ரேடியேட்டரும் ஒழுகுமுங்க! ஏசியும் வேல செய்யாதுங்க!" கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்ப பிரேக்கு?"

"பிரேக்கு மட்டும் நல்லாத்தானுங்கக்கா இருந்துச்சு!" என்று அழுதேவிட்டார்.

அடுத்த வளைவில் ரோடு வேலைக்குக் கொட்டி வைத்த ஜல்லிக் குவியல் தெரிந்தது. ஸ்டீரிங்கை அதன் மேல் திருப்பினேன். வண்டி பாதி ஏறி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஸ்டீரிங்கிலிருந்து என் விரல்களை அத்தைதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். தனசேகர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அவள்தான் தண்ணீர் கொடுத்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, என் முடிவு இது. நம் வீட்டு வாசலில் பழைய கார் என்ற பேச்சே இனி கிடையாது. பக்கத்துத் தோட்டத்துச் சென்றாயன் தன் வேனை எப்போது கேட்டாலும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். காளிப்பட்டிக் கோயில் கந்தசாமி புண்ணியத்தில் தாயும் சேயும் நல்லபடியாக வீடு திரும்புவார்கள். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மனக்கலக்கம் இல்லாமல் வந்து சேருங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார் மணியன்.

பி.கு: தவிடு எடுக்க வந்த அத்தை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். அந்தக் காரை அவள் அன்றைக்கே தனசேகரிடம் பேசி முடித்துவிட்டாளாம். "மத்த பழைய காருக்கெல்லாம் என்ன சீக்குன்னு நமக்குத் தெரியுமாக்கும்? இதுக்கு மட்டுந்தான் ஒண்ணு உடாமத் தெரியும்" என்கிறாள். அவர் ஒப்புக்கொண்ட அத்தனையையும் சரிசெய்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. இதோ வாசலில் ஹாரன் கேட்கிறது, வண்டி வந்துவிட்டது. நீங்கள் வரும் அன்று சேலம் ஸ்டேஷனுக்கு அதில்தான் வருகிறோம். "அப்பிடியே ஏற்காடு போயிட்டு வரலாமுங்க. மாப்ளையை முன்னால உக்கார வெய்யுங்க, எனக்கு அவருகிட்ட ஒண்ணு ரெண்டு கேக்கோணும்" என்கிறாள். முடிந்தால் பஸ்ஸில் வந்துவிடுங்கள்.