வேப்பந்தாங்கல் லென்ஸ் தேர்வுக் குழு

ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற இடம் என்று இத்தனை காலம் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது அறியாமை என்பதை டிசம்பர் 9-ஆம் தேதியிட்ட கடிதம் எங்களுக்கு எடுத்துரைத்தது. நிலப் பயன்பாட்டு அலுவலகம் அனுப்பிய அந்தக் கடிதம் இரண்டு பக்கம், பதினொரு பத்தி. ஏழாவது பத்தியில் விஷயம் இருந்தது. குறைந்தது இருநூறு நீர்ப்பறவைகள், இன்ன பறவை என்று அடையாளம் தெரியும்படி, புகைப்படத்தில் இருந்தால்தான் அது ஏரி. இல்லையென்றால் அது "பயன்பாடற்ற பள்ளம்". பள்ளத்தைத் தூர்த்து, ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வரும் லாரிகள் நிற்க இடம் செய்யப்படும். கடைசித் தேதி பிப்ரவரி 28, மாலை ஐந்து மணி.

எங்கள் ஏரியின் பெயர் வேப்பந்தாங்கல். கடிதம் வந்த மறுநாள் காலையில் அதில் 614 பறவைகள் இருந்தன. நத்தைகுத்தி நாரை 208, நீர்க்காகம் 171, மற்றவை கொக்கும் சிறகியும். கம்பெனி கேட்டில் இருபத்தேழு வருஷம் பஸ்களை எண்ணி எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்காததால் பறவைகளை எண்ணிவந்தேன்.

கடிதத்தைக் கேட்டதும் அதிகம் கொதித்தவள் காவேரி. தாங்கலில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருப்பவள் அவள். விராலும் கெண்டையும் பிடித்து, ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஒரகடம் கூட்ரோட்டில் விற்பாள். வேறு பிழைப்பு அவளுக்குக் கிடையாது.

"தண்ணி கீது, மீனு கீது. அப்பறம் பள்ளம்னா இன்னா சார் அர்த்தம்?" என்று, கடிதத்தைப் படித்துக் காட்டிய அலுவலர் வெங்கட்ரமணனைக் கேட்டாள்.

"தண்ணி இருக்கறது வேற, தண்ணி இருக்கறதுக்கு ஆதாரம் இருக்கறது வேற," என்றார் அவர். பொறுமையான மனிதர். "நீ கவலைப்படாதே. ஊராட்சிகிட்ட கேமரா இருக்கு."

இருந்தது. ஏதோ ஒரு கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் கரையிலிருந்து படம் எடுத்துப் பார்த்தோம். பறவைகள் தோசையில் விழுந்த கடுகைப் போலத் தெரிந்தன. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ் வேண்டும் என்று தெரிந்தது. அரசு ஆணையில் அதன் பெயர் "தொலைவுப்பட மாறுகுவிய வில்லை". அதைத் தேர்ந்தெடுக்க டிசம்பர் 23-இல் நால்வர் குழு அமைக்கப்பட்டது. வெங்கட்ரமணன் தலைவர். கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கும் ஹேமந்த், நிபுணர். நான் எண்ணிக்கை உறுப்பினர். காவேரி பயனாளி. பயனாளிக்கு நாற்காலி ஒதுக்கப்படவில்லை. அவள் கதவோரம் நின்றாள்.

முதல் கூட்டம் ஜனவரி 2. கேமரா கம்பெனியே செய்கிற லென்ஸ் நமக்கு விலை கட்டாது, வேறு கம்பெனி செய்கிற நல்ல லென்ஸ் போதும் என்றான் ஹேமந்த்.

வெங்கட்ரமணன் முகம் சுருங்கியது. "அந்தக் கேமராவைப் பெத்தவன் இருக்கறப்ப, இன்னொருத்தன் குடுக்கறது எப்படிப்பா சரியா இருக்கும்?"

"சார், நீங்க வர்ற ஜீப்போட கண்ணாடி எங்க பிளான்ட்ல செஞ்சது. ஜீப் கம்பெனி செஞ்சதில்ல."

"அதான் கிட்ட வர்ற வண்டியெல்லாம் தூரமா வர்ற மாதிரி தெரியுதா?" என்று காவேரி கதவோரத்திலிருந்து கேட்டாள். பயனாளியின் கேள்வி குறிப்பில் ஏற்றப்படவில்லை.

அடுத்து ஹேமந்த் விளக்கம் கொடுத்தான். இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். துளை எவ்வளவு திறக்கும், கை நடுங்கினால் லென்ஸ் எப்படித் தாங்கும், ஓரத்தில் ஊதா நிறம் கசியுமா என்றெல்லாம் சொன்னான். நல்ல லென்ஸில் பறவை மட்டும் கத்தி மாதிரி கூர்மையாகத் தெரியும், பின்னணி வெண்ணெய் மாதிரி கரைந்துவிடும் என்றான்.

வெங்கட்ரமணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்னணி என்ன?"

"ஏரி சார்."

"ஏரியே கரைஞ்சுபோச்சுன்னா எதைப்பா காப்பாத்தறது?"

அந்தக் கேள்வியின் ஆழத்தைக் கண்டு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆனால் பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. பொங்கலுக்குள் டீக்கடையில் வெண்ணெய் மாதிரி கரையாத பின்னணியைப் பற்றி யாரும் மரியாதையாகப் பேசவில்லை. ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர் லென்ஸ் எடையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இருவரும் லென்ஸைப் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கூட, "போட்டோகிராபர் எழுபது - இருநூறு லென்ஸ் வச்சிருக்காரு," என்று சொல்லிவிட்டுத்தான் முகூர்த்த நேரத்தைச் சொன்னார்.

சென்னைக் கடை ஒன்று மூன்று லென்ஸ்களைச் சோதனைக்குத் தர ஒப்புக்கொண்டது. ஒன்றைத் திருப்பினால்தான் அடுத்தது வரும். ஜனவரி 20, 27, பிப்ரவரி 3 ஆகிய நாட்களில் சோதனை நடந்தது. எதைப் படம் எடுத்துச் சோதிப்பது என்ற கேள்வி எழுந்தது.

"செங்கல் சுவர்," என்றான் ஹேமந்த். "உலகம் பூரா அதான் வழக்கம். கோடு நேரா இருக்கா, மூலையில மங்குதான்னு செங்கல்லுலதான் தெரியும்."

கரைக்கு எதிரே ஒரு கம்பெனியின் பூசாத காம்பவுண்டு சுவர் இருந்தது. தாங்கலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரிலிருந்து இருநூறு அடி தள்ளிக் கேமராவை நிறுத்தினார்கள். படத்துக்குள் விழும் செங்கற்களை நேரில் எண்ணிச் சொல்வது என் வேலை. 1,180. அரைச் செங்கல்லை ஒன்றாகக் கொள்வதா அரையாகக் கொள்வதா என்று ஒரு விவாதம் நடந்தது, ஒன்றாகவே கொள்ளப்பட்டது. முதல் லென்ஸில் 1,104 தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவதில் 1,131. மூன்றாவதில் 1,180-உம்.

"ரத்தினம் எண்ணினா தப்பாது," என்றார் வெங்கட்ரமணன். நாலு பேர் முன்னால் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது காவேரி, "சார், மிஷின அப்படியே பின்னாடி திருப்பி ஒரு அமுக்கு அமுக்கேன். எல்லாம் அங்கதான குந்திக்கினு கீதுங்க," என்றாள்.

"சோதனைக் கட்டத்துல பறவையை எடுக்க விதியில்லை."

"எடுத்தா இன்னா ஆவும்?"

"ஒப்புதல் பெறாத லென்ஸ்ல எடுத்த பறவை, ஒப்புதல் பெறாத பறவை."

அன்று, பிப்ரவரி 3-இல், தாங்கலில் 402 இருந்தன. தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது.

பிப்ரவரி 10-இல் மூன்றாவது லென்ஸுக்கு ஒப்புதல் கிடைத்தது. அன்று 288. இன்னும் எண்பத்தெட்டு உபரி இருந்தது. காவேரி எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினோம்.

"ஸ்டிக்கர்?" என்றான் ஹேமந்த்.

அவர்கள் பிளான்ட்டில் சோதித்த பொருள் எதுவானாலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாமல் யாரும் தொடமாட்டார்கள். கரண்டியானாலும் கிரேனானாலும் ஒன்றுதான். வெங்கட்ரமணனுக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருந்தது. அலுவலக விதியும் பொருந்திவந்தது: ஒப்புதல் முத்திரை, பொருளின் முன்முகத்தில், எளிதில் புலப்படுமாறு ஒட்டப்பட வேண்டும். லென்ஸின் முன்முகம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாடிதான் முன்முகம். அதன் நடுவில் உள்ளங்கை அகலப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் வெங்கட்ரமணன் தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

ஹேமந்த் கேமராவில் கண்ணை வைத்தான். வெகு நேரம் வைத்திருந்தான்.

"பச்சையா இருக்கு சார்."

"நகத்தால சொரண்டினா வந்துடும், குடுங்க," என்று காவேரி கையை நீட்டினாள்.

வெங்கட்ரமணன் பதறிவிட்டார். "அதுல என் கையெழுத்து இருக்கு! அரசு ஒப்புதலைச் சுரண்டினா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

ஹேமந்தும் ஆதரித்தான். "ஸ்டிக்கர எடுத்தா அப்ரூவல் போயிடும். மறுபடியும் சுவத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஸ்டிக்கரை அகற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதப்பட்டது. பதில் பிப்ரவரி 27 மாலையில் வந்தது. "அகற்ற ஆட்சேபணை இல்லை. எனினும் கையொப்பத்துக்கு எவ்விதச் சேதமும் நேரலாகாது." அந்தப் பசையின் தரம் குறித்து ஹேமந்துக்கு எப்போதும் பெருமை உண்டு. ஸ்டிக்கர் வரவில்லை.

28-ஆம் தேதி தாங்கலில் 37 பறவைகள் இருந்தன. மணி நாலேகால்.

"மேலிடத்துல படமில்லாத ஃபைலை வாங்க மாட்டான்," என்றார் வெங்கட்ரமணன். "ஃபைல் போகலன்னா ஏரி இன்னிக்கே போச்சு. ஃபைல் போனா பரிசீலனையில இருக்கும். இருக்கற படத்தை வைப்போம்."

இருந்தவை மூன்று சுவர்ப் படங்கள். கூர்மையானவை. கீழே "இடம்: வேப்பந்தாங்கல் ஏரி" என்று அச்சாகியிருந்தது. என் செங்கல் எண்ணிக்கைப் படிவமும் இணைக்கப்பட்டது. கையெழுத்துகள் விழுந்தன. நாலு ஐம்பத்திரண்டுக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் பதில் வந்தது. படங்களின் தெளிவை அலுவலகம் வெகுவாகப் பாராட்டியிருந்தது. "எனினும் அவற்றில் நீரோ பறவையோ காணப்படவில்லை. குழுவே சரிபார்த்துச் சான்றளித்த 1,180 செங்கற்கள் கொண்ட உறுதியான கட்டுமானம் காணப்படுகிறது. எனவே மேற்படி இடம் ஏற்கெனவே கட்டடப் பகுதி என்பது ஐயமற நிரூபணமாகிறது. லாரி நிறுத்தத்துக்குத் தடையில்லை."

மறுவாரம் மண் அடிக்கும் லாரிகள் வந்தன. முதல் நாள் 44 நடை. காவேரி கரையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள்.

"ரத்தினண்ணே, செவுத்த எண்ணினியே, அன்னிக்கி தாங்கல்ல எத்தினி இருந்திச்சி?"

"எந்த அன்னிக்கு? மூணு தரம் எண்ணினேன்."

"கடைசியா."

"நானூத்தி ரெண்டு."

"தெரிஞ்சிக்கினா வச்சிருந்த?"

"தினமும் எழுதி வச்சிருக்கேன்."

"அத அந்தப் பேப்பர்ல எழுதினியா?"

"படிவத்துல செங்கல்லுக்கு மட்டுந்தான் கட்டம் இருந்துது காவேரி."

"கட்டத்துக்கு வெளிய எழுதினா கை வெந்துடுமாண்ணே?" என்றாள். காறித் துப்பிவிட்டு, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

கை வெந்துவிடாதுதான். ஆனால் கட்டத்துக்கு வெளியே எதையும் எழுதலாகாது என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, "படித்துப் பார்த்து, சரியென ஏற்கிறோம்" என்ற வரிக்கு எதிரில் நான்கு கையெழுத்துகள். முதலாவது தலைவருடையது, இரண்டாவது நிபுணருடையது, மூன்றாவது என்னுடையது. நான்காவது, பயனாளி என்ற இடத்தில், எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டது.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை.