முப்பத்தொரு பச்சை

திரையில் ஒன்பது சிவப்பு தெரிந்தபோது மணி ஒன்பதரை. அலுவலகம் திறந்தே அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நான்கு மாடிகளில் மொத்தம் முப்பத்தொரு பிரிண்டர்கள். அத்தனையையும் கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்து ஒரே திரையில் கண்காணிப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர் டோனர். பிரிண்டர் ஒழுங்காக இருந்தால் திரையில் பச்சை, காகிதமோ மையோ தீர்ந்தால் மஞ்சள், தாள் சிக்கினால் சிவப்பு. எது எத்தனை பக்கம் அடித்தது, யார் அனுப்பினார்கள் என்று இன்னும் பத்து விவரங்கள் அதில் வரும். கண்ணை உறுத்துகிறது என்று அதையெல்லாம் மறைத்துவிட்டு நிறத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார்.

நிறத்தில்தான் அவர் பிழைப்பே இருந்தது. தற்காலிக வேலை; இந்த மாதத்தோடு முடிகிறது. தொடர்ந்து ஐந்து நாள் முப்பத்தொன்றும் பச்சையாக இருந்தால் நிரந்தரம் செய்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டிலோ மாமனார். அவர் வீட்டு மாடியில்தான் குடித்தனம். வேலை நிரந்தரமாயிற்றா என்று மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டாலாவது எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மனிதர் மகளிடம்தான் கேட்பார், மாப்பிள்ளை காதில் விழும்படி.

சிவப்புக்குக் காரணம் பிரிண்டர் இல்லை, ஜனங்கள்தான் என்று டோனர் முடிவுக்கு வந்தார். ஈரக் கையோடு தாள் வைக்கிறார்கள், சிக்கினால் பிடித்து இழுத்துக் கிழிக்கிறார்கள். எல்லாக் காகிதத் தட்டுகளுக்கும் பூட்டுப் போட்டு, சாவிக் கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டார். சிவப்பு நாலாகக் குறைந்தது. மஞ்சள் பதினாறாக ஏறியது. இரண்டாம் மாடியில் காகிதம் வைத்துக்கொண்டிருக்கும்போது நான்காம் மாடியிலிருந்து போன் வரும். மூச்சு வாங்க ஏறிப் போனால், கேட்டவர் சாப்பிடப் போயிருப்பார்.

அடுத்ததாக ஆளுக்கொரு ஆறு இலக்க எண் கொடுத்தார். பிரிண்டர் முன்னால் போய் நின்று அதைத் தட்டினால்தான் தாள் வரும். கண்டதையும் அடிக்க மாட்டார்கள், காகிதம் மிஞ்சும் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் பாதிப் பேருக்கு எண் மறந்துபோயிற்று. கொள்முதல் பிரிவு அம்மா பக்கத்து சீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினார். அந்த சீட்டுக்காரர் மூன்று நாளாக அனுப்பி, வராமல் நின்றுபோனதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. அத்தனையும் ராஜினாமாக் கடிதம், ஏழு விதமாக எழுதியது. அம்மா பொறுமையாக ஏழையும் படித்தார்.

"நாலாவது நல்லா வந்திருக்கு தம்பி. இதையே குடுத்துடுங்க."

அந்தத் தம்பி நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்து டோனரிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

டோனர் அதற்கும் அசரவில்லை. இரவெல்லாம் யோசித்து ஓர் அனுமதிப் படிவம் தயாரித்தார். எதை அடிக்க வேண்டும், ஏன், எத்தனை பக்கம், கீழே பிரிவுத் தலைவர் கையெழுத்து. படிவத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தால் அவர் பிரிண்டரைத் திறந்துவிடுவார். ஒருவருக்கும் விலக்கு கிடையாது, தனக்கும் சேர்த்துத்தான். டைப்பிஸ்ட் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள்.

"இந்தப் படிவத்தைப் பிரிண்ட் எடுக்கணும்னா சார்?"

"அதுக்குன்னு தனியா ஒரு படிவம் இருக்கும்மா" என்றார் டோனர் பெருமையாக.

அன்று மாலை மேனேஜர் அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. டோனருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. வேலை போனது போனதுதான் என்று பயந்துகொண்டே படுத்தார். கீழே மாமனார் வழக்கமான கேள்வியைக் கேட்பதும், "அவர் மூஞ்சியைப் பாத்தா தெரியலையாப்பா" என்று மனைவி சொல்வதும் கேட்டது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முப்பத்தொன்றும் பச்சை. டோனர் திரையைத் தட்டிப் பார்த்தார். போன் வேறு அடிக்கவில்லை. செத்துவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், உயிரோடுதான் இருந்தது. மாலையிலும் பச்சை. அடுத்த நாளும் பச்சை. மாடிகளில் ஒரு சுற்று வந்தார். சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஏழு கடிதத் தம்பி எழுந்து வந்து கை கொடுத்து, இப்போதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை என்றான். கொஞ்சம் கண்டிப்பு காட்டினால் ஜனங்கள் திருந்திவிடுகிறார்கள் என்று டோனர் நினைத்துக்கொண்டார். இத்தனை நல்ல மனிதர்களையா திட்டிக்கொண்டிருந்தோம் என்று வருத்தம்கூட வந்தது.

ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் எதையோ தேடிக்கொண்டே பேசினார்.

"அசத்திட்டீங்க. உங்க லெட்டர் ரெடி. அந்த அஞ்சு நாள் ரிப்போர்ட்டைப் பேப்பர்ல குடுத்தீங்கன்னா ரெண்டையும் சேத்து மேல அனுப்பிடுவேன்."

டோனர் பறந்து போய்ப் பிரிண்டர் முன் நின்றார். அவரே போட்ட விதிப்படி முதலில் படிவம் வேண்டும். அவருடைய படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர். மேனேஜர் அதற்குள் மீட்டிங்குக்குப் போய்விட்டார், நாலு மணி வரை வரமாட்டார். மேலே போகிற தபாலை மூன்றரைக்கு ஆபீஸ் பையன் மேனேஜர் மேசையிலிருந்து எடுத்துப் போய்விடுவான்; அதில் சேராவிட்டால் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அடுத்த மாதம் டோனருக்கு வேலையே கிடையாது.

தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. முப்பத்தொரு பிரிண்டர்களைக் கட்டி மேய்ப்பவர் அங்கே போவதாவது என்று அந்தப் பக்கம் அவர் திரும்பியதுகூட இல்லை. இன்று மானத்தைப் பார்த்தால் ஆகாது. தெரிந்த முகம் ஏதாவது தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே நுழைந்து பென் டிரைவை நீட்டினார்.

கடைக்காரம்மா நிமிராமலே எந்த ஆபீஸ் என்று கேட்டார். எதிர் பில்டிங் என்றார் டோனர்.

"எந்த மாடி?"

"கீழ்த்தளம்."

"நாலு மாடிக்கும் தனித்தனியா தட்டு வச்சிருக்கேன், கீழ்த்தளத்துலேருந்துதான் இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல, சரி, போறப்போ இந்த லெட்டரை உங்க மேனேஜர் சார்கிட்ட குடுத்துடுங்க, காலையில பிரிண்ட் போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டாரு, உங்க ஆபீஸ் பிரிண்டரையெல்லாம் பாத்துக்கறவருக்கு வேலை நிரந்தரமாம்."