மாமா சார்ஜ் போட மறக்கவில்லை

சிட்லபாக்கம்,
19-11-1993

அன்புள்ள மைத்துனன் துளசிங்கத்துக்கு,

மாமா ஜீவரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா கங்கையம்மாளும் சௌக்கியம். உன் மின்சாரப் படகின் பேட்டரி சௌக்கியமில்லை.

நீ கொச்சியிலிருந்து போட்ட கார்டு நேற்று வந்தது. பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது என்று நான் எழுதியதற்கு, "மாமா, சார்ஜ் போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாய். அதுவும் ஊரே படிக்கிற கார்டில்! தபால்காரர், "இன்னா சார், மறந்துட்டீங்களாமே?" என்று விசாரித்துக்கொண்டே கொடுத்தார். முப்பத்துநாலு வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

ஆறு மாசப் பயிற்சிக்குப் போகிறேன், படகு உங்கள் கொல்லையில் அது பாட்டுக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாய். எது அது பாட்டுக்கு இருந்தது? முதல் தடவை முழு சார்ஜ் ஏற்றி வைத்தேன். ஐந்தாம் நாள் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. தாம்பரத்திலிருந்து பேட்டரி மெக்கானிக் லாசரஸை அழைத்து வந்தேன். "சும்மா நின்னாலே கொஞ்சம் கொஞ்சமா இறங்கும் சார். ஒயரைக் கழட்டி வையி, மாசம் ஒருக்கா ஏத்து, போதும்" என்றார். கழற்றினேன். ஆசிட் பட்டு என் வேட்டியில் ஏழு ஓட்டை. கைக்குழந்தைக்குப் பால் வாங்குகிற மாதிரி டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினேன். சார்ஜர் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் அழுதுவடியும், மிக்ஸி சுற்றாது, எனக்குச் சட்னி கிடையாது. இத்தனைக்குப் பிறகும் ஐந்தாம் நாள் பேட்டரி காலி.

லாசரஸ் மறுபடி வந்து, கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாக்கீது சார். வூட்ல யாரோ கரண்ட் எடுத்துகினு கீறாங்க" என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டில் இருப்பதே நானும் உன் அக்காவும். "யாரைய்யா திருடன் என்கிறாய்? இனி இந்த கேட்டைத் தொடாதே" என்று தெரு கேட்கக் கத்தி அனுப்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை, படகுச் சவாரித் தொழிலில் உன்னோடு கூட்டு சேர்வதாகச் சொன்ன சம்பந்தம் சார், வெள்ளோட்டம் பார்க்கச் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சம்சாரத்தோடு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைதான் முழு சார்ஜ் ஏற்றியிருந்தேன். அந்த தைரியத்தில் படகை டெம்போவில் ஏற்றிப் பள்ளிக்கரணைச் சதுப்புத் தண்ணீரில் இறக்கினோம். நூறு கெஜம் அழகாகப் போயிற்று. நின்றது. துடுப்பு எங்கே என்றார் சம்பந்தம். மின்சாரப் படகுக்குத் துடுப்பு எதற்கு என்று நீ வைக்கவேயில்லை! நான் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளினேன். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கரையேறியதும் அவர், "சத்தமே வராதுன்னாரு உங்க மச்சினன். மெய்தான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே தம்பி, யாரோ உன் தலையில் மட்டமான பேட்டரியைக் கட்டியிருக்கிறான். நீ அதை என் தலையில் கட்டிவிட்டாய். இந்தக் கடிதம் கண்ட ஒரு வாரத்துக்குள் படகை அப்புறப்படுத்து. இல்லையேல் அதில் மண்ணைக் கொட்டிக் கீரை விதைத்துவிடுவேன்.

நீயும் உன் சம்சாரமும் நோய்நொடி இல்லாமல், இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டு, குன்றத்தூர் முருகன் துணையோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜீவரத்தினம்

பி.கு.: மேலே எழுதியதைப் படிக்காதே. வேறு இன்லண்ட் லெட்டர் இல்லாததால் இதிலேயே எழுதுகிறேன். சாயங்காலம் வழக்கம்போல் நூலகத்துக்குக் கிளம்பினேன். தெருமுனையில் மழை பிடித்துக்கொண்டதால் திரும்பி வந்து, கொல்லைப் பக்கம் போனேன். தார்ப்பாய்க்கு அடியில், உன் படகின் நாலு சீட்டிலும் நாலு பெண்கள். நடுவில் உன் அக்கா. எதிரே, பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளின் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டி.வி. கரண்டில் போடுகிற பாகம் எரிந்துபோய், பேட்டரியில் மட்டும் ஓடுமாம். கூடவே ஒரு கார் ஃபேன் வேறு. நான் நூலகத்தில் இருக்கிற இரண்டு மணி நேரமும் தினம் இதுதானாம்!

"லாசரஸ் சொன்ன அன்னிக்கே சொல்லிடலாம்னு பார்த்தேன். நீங்க கத்தின கத்துல எனக்கு வாயே வரல" என்றாள் உன் அக்கா. நாளைக் காலை லாசரஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்ச் சம்பந்தத்திடம் உண்மையைச் சொல்கிறேன். தாயாரம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். மழை விடட்டும் என்று உட்கார்ந்தேன். அந்த நாடகத்தில் ஒரு பெண்ணை மாமியார் படுத்துகிற பாடு சகிக்கவில்லை. அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்புவாளா மாட்டாளா என்பது தெரிய இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை படகை எடுக்க வராதே.