உறுமாத புலியின் உரிமம்

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்டார்கள். யார் யாருக்கு என்ன குணம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. மேயும்போது புல்லுக்கே வலிக்குமோ என்று பார்க்கிற மான், ஸ்கூட்டரில் ஏறியதும் எதிரே வருகிறவர்களையெல்லாம் ஏசியது. ஆமை ஹாரனிலிருந்து கையை எடுப்பதே இல்லை. பூனையின் பேரைச் சொன்னாலே மயங்கி விழுகிற எலி, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக்கில் எல்லோரையும் முந்தியது.

அங்கே ஒரு கிழட்டுப் புலியும் இருந்தது. முழங்கால் தேய்ந்துபோய் இரையைத் துரத்த முடியவில்லை. வேன் ஓட்டியாவது பிழைக்கலாம் என்று உரிமம் கேட்டுப் போனது. அதிகாரி ஆந்தை மற்றவர்களை எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னது. புலியை மட்டும் ஏற இறங்கப் பார்த்தது.

"உங்க குணம் காட்டுக்கே தெரியும். ரோட்டுல ஒரு தடவை உறுமினாலும் லைசென்ஸ் கேன்சல். சம்மதமா?"

"சம்மதம்ங்க."

அன்றிலிருந்து புலி உறுமவில்லை. மான் ஏசினால் சிரித்து வைத்தது. எலி குறுக்கே பாய்ந்தால் பிரேக்கை மிதித்து, தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டது. வேன் ஓடினால்தான் சோறு.

ஒரு நாள் காலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றது புலியின் வேன் ஒன்றுதான். ராங் சைடில் வந்த எலி அதன் முகப்பில் மோதி விழுந்தது.

புலி பதறி இறங்கியது. "அடி பட்டுடுச்சா தம்பி?"

புலியின் வரிகளைக் கண்டதும் எலிக்கு மூச்சு நின்றது. பணிவான குரலைக் கேட்டதும் மூச்சு திரும்பி வந்தது.

"கண்ணை எங்கய்யா வெச்சிருக்க? வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

கூட்டம் கூடிவிட்டது. யார் மோதினாலும் தப்பு பெரிய வண்டிக்காரன் மேல்தான் என்பது அந்தக் காட்டு வழக்கம்.

"சின்ன வண்டி வருதுன்னா பாத்து வரணும்ல?" என்றது மான்.

"நான் நின்னுக்கிட்டுதானேம்மா இருந்தேன்?"

"அதான் தப்பு. நீ வந்துக்கிட்டு இருந்தா அவன் ஒதுங்கியிருப்பான்," என்றது ஆமை.

எலி வேனின் மேல் ஏறி நின்று புலியின் மீசையைப் பிடித்து இழுத்தது. புலி கைகூப்பியது.

"தப்புதாம்ப்பா. விட்டுடு."

விசில் அடித்துக்கொண்டு போக்குவரத்துக் கரடி வந்தது. எலியின் கூச்சல் அதற்குப் புதிதாகத் தெரியவில்லை. ஓட்டுநர் என்றால் கத்தத்தான் செய்வான். கூப்பிய கையைத்தான் வெகுநேரம் பார்த்தது.

"சிவப்புக்கு நின்னியா?"

"ஆமாங்க."

"போலீஸ் இல்லாதப்பவுமா?"

"நிப்பேங்க."

"மீசையைப் புடிச்சு இழுத்தும் கோவம் வரலை?"

"வரலைங்க."

கரடி முகம் சுளித்தது. "காலங்காத்தாலயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்," என்று கருவியை எடுத்துப் புலியின் வாயருகே நீட்டியது. "ஊது. இல்லேன்னா வண்டி ஸ்டேஷனுக்குப் போயிடும்."

புலி மெல்ல ஊதியது.

"பத்தாது. அடிவயித்துல இருந்து ஊது."

அடிவயிற்றில் கிடந்ததெல்லாம் ஒரே உறுமலாக வந்தது.

மலைகள் எதிரொலித்து ஓய்ந்தபோது எலியைக் காணோம், மானைக் காணோம். ஆமை ஓட்டுக்குள் இருந்தது. கருவி புதரில் கிடந்தது. புலி கண்ணை மூடிக்கொண்டது.

"உறுமிட்டேங்களே... லைசென்ஸு?"

கரடி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சல்யூட் அடித்தது.

"உறுமாதவனுக்கு எதுக்குங்கண்ணே லைசென்ஸு? நீங்க தெளிவாத்தான் இருக்கீங்க. நான்தான் சந்தேகப்பட்டுட்டேன். கெளம்புங்க."

நீதி: வண்டி ஓட்டும்போது பொறுமையாக இருக்காதீர்கள், குடித்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.